முதிரை தேடிப் போன மழைநாள்

அன்று காட்டுக்குள் இறங்கியவர்கள் மூன்று பேர்: மலாயாவில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்த என் அம்மான், தச்சுவேலை செய்யும் ஓடாவியார், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்.

மார்கழி மாதம். விடியலிலிருந்தே மழை. தையில் தங்கச்சிக்குக் கலியாணம். சீதன வீட்டுக்குக் கூரை ஏறாமல் தாலியும் ஏறாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஊரில் எல்லாரும் கூரை தாங்கும் முகட்டு வளையைப் பனையில்தான் போடுகிறார்கள். வீடுகள் நிற்கத்தான் செய்கின்றன. அம்மானுக்கு அது கேவலம். "வளை என்ரை செலவு. முதிரை மரத்திலைதான் போடுறது" என்று நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டார்.

பளைக்கு அப்பால் பழங்காட்டில் மரம் தறிக்கப் பெர்மிட் வைத்திருந்த வியாபாரி, பொழுதுபடமுன் மரத்தைத் தெரிந்தெடுத்து இருபது ரூபாய் அச்சவாரம் தராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாகச் சொன்னார். வழிகாட்ட ஒரு ரூபாய் கேட்டார்.

"எனக்கோ வழிகாட்டப் போறீர்? மலாயாவிலை புலிக்கே வழி சொன்னவன் நான்."

மலாயாவில் அவர் கண்ட காடு, வேலை பார்த்த கந்தோர் யன்னலுக்கு வெளியே நின்ற றப்பர் மரங்கள்.

உள்ளே பாலை மரங்கள் மூன்று பேர் கைகோத்தாலும் பிடிபடாத பருமனில் நின்றன. மழை விட்ட பிறகும் மரங்கள் விடவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தன. வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகளில் நடந்து பழகிய எனக்கு, எந்தப் பக்கமும் நடக்கலாம் என்றதும் எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு புதர்ப் பத்தையும் யானை போலத் தெரிந்தது.

"உது காடே மருமோன்? வேலிப் பத்தை!" என்ற அம்மான், திரும்பி வர அடையாளமாக இலைக்குழை முறித்துக் கிளைக் கவட்டில் செருகச் சொன்னார். இருபது முப்பது செருகியிருப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு நேரான முதிரை ஒன்று அகப்பட்டது. ஓடாவியார் தட்டிப் பார்த்து, வாய்ச்சியால் ஒரு வெட்டுப் போட்டார்.

திரும்பும்போது குழைகளைப் பார்த்து நடந்தோம். போகப்போகக் குழைகள் கூடின. வாடினதும் இருந்தது, காய்ந்ததும் இருந்தது.

"அம்மான், நான் இவ்வளவு செருகேல்லை."

"பயத்திலை எண்ணிக்கை மறந்திட்டாய். நட."

நடந்தோம். குழைகள் ஒரு பாலையின் கீழ் இருந்த பிள்ளையார் கல்லில் போய் முடிந்தன. விறகுக்கும் தேனுக்கும் காட்டில் இறங்குகிறவர்கள் வரும் வழியெல்லாம் பிள்ளையாருக்குக் குழை செருகிவிட்டுத்தான் இறங்குவார்களாம். ஓடாவியார் அதை அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"முதலே சொல்லியிருக்கலாமே!" என்றார் அம்மான்.

"புலிக்கு வழி சொன்னவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

இருட்டிக்கொண்டு வந்தது. அச்சவாரமும் போச்சு, கலியாணமும் போச்சு என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, அந்த வியாபாரியே அவ்வழியால் வந்தார்.

"வெட்டுப் போட்ட முதிரை உங்கடையோ? வரேக்கை பாத்தனான். இஞ்சை என்ன, கும்பிட வந்தனியளோ?"

"ஓம், கும்பிடத்தான்" என்றார் அம்மான், தொப்பியைக் கழற்றி.

"அப்ப ஆறுதலாக் கும்பிட்டிட்டு வாங்கோ." அவர் நடக்கத் தொடங்கினார்.

"அண்ணை, பொய்! வழி தெரியேல்லை!" என்று கத்தினேன்.

"இப்ப மூண்டு ரூபாய்."

றோட்டுக்கு வந்ததும் அம்மான் கோட்டுப் பைகளைத் தடவினார். பேர்ஸ் வீட்டில் கிடந்து போயிற்றாம். "நீ குடு மருமோன், நாளைக்குத் தாறன்." வீட்டில் வைக்கப் பயந்து மடியில் முடிந்து வந்திருந்த, கூரை ஓடு வாங்கும் காசை அவிழ்த்து, அச்சவாரத்தையும் வழிகாட்டின கூலியையும் கொடுத்தேன்.

தையில் கூரை ஏறியது, தாலியும் ஏறியது. பந்தலில் அம்மான் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு முகட்டைக் காட்டினார்: "என்ரை வளை. முதிரை."

எனக்கு வரவேண்டியது இருபத்துமூன்று ரூபாய்.