உப்பில்லை என்று எழுதிய மண்

அந்த மண்ணில் உப்பில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தது நான்தான்.

திருகோணமலையில் ஒரு விவசாய ஆய்வுகூடத்தில் மண் பரிசோதிப்பது என் வேலை. காலையில் லிங்கநகர் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய், பின்னேரம் திரும்புவேன். பைகளில் வரும் மண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்து, தண்ணீரில் கலக்கிக் கருவியில் வைத்தால் ஓர் இலக்கம் வரும். அதைப் படிவத்தில் எழுதுவேன். பெரும்போக நெல் விதைப்புத் தொடங்குவதற்கு முந்திய கிழமைகளில் மேசை தெரியாத அளவுக்குப் பைகள் குவியும். அவற்றுள் ஒன்றாகத்தான் தோப்பூரிலிருந்து ஒரு வயல் மண் பையும் வந்தது.

அதில் இருந்தது மேல்மண் மட்டும். கரைசலின் மின்கடத்துதிறனைப் பார்த்தேன். உப்பு மண் என்று சொல்லும் எல்லைக்கு வெகு கீழே நின்றது. பழைய மண் வரைபடத்தில் அந்தப் பக்கம் முழுவதும் செங்கபில மண் என்று ஒரே நிறம் பூசியிருந்தார்கள். வெள்ளாமை செய்ய நல்ல மண் அது. கருவி சொன்னதும் வரைபடம் சொன்னதும் ஒத்துப்போயின. 'உவர்ப் பாதிப்பு இல்லை, பரிந்துரைத்த அளவில் பசளை இடவும்' என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பையை எடுத்தேன்.

அடுத்த வருஷம், மாரி போய் அறுவடையும் முடிந்த நேரம், ஒரு பெண் ஆய்வுகூடத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையை மூடிய முந்தானைக்குள் வெயிலில் கறுத்த முகம். தோப்பூரிலிருந்து மூதூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை நிறைய மண் கட்டிகளும், நான் எழுதிய அறிக்கையும் இருந்தன. கதிரையில் உட்காரச் சொன்னேன். விளிம்பில் உட்கார்ந்து அறிக்கையை மேசையில் விரித்து வைத்தார்.

"மிஸ், நான் சண்டை பிடிக்க வரல்ல. நீங்க எழுதினபடிதான் செஞ்சனான். இந்த முறையும் பயிர் திட்டுத்திட்டா மஞ்சளாகிச் செத்துப்போச்சு. என்ட கைப்பிழை எண்டா அதையும் சொல்லுங்க. வேற ஆளுக்கு வயலக் குடுத்திருவன்."

கணவர் மௌத்தாகி மூன்று வருஷம் என்றார். அதிலிருந்து வயலைத் தானே பார்க்கிறார். மேலே உள்ள வயல் கணவருடைய மூத்த சகோதரருடையது. அவருக்கு நன்றாக விளைகிறது. ஒரே வாய்க்கால், ஒரே விதை நெல், ஒரே பசளை. அவருக்கு விளைந்து இவருக்கு விளையாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? பொம்பிளைக்கு வயல் செய்ய ஏலாது என்று சொல்கிறார்களாம். அந்த மூத்த மச்சான் நேரே அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவாராம். இதை எல்லாம் அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது.

கட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்தேன். செங்கல்போல இருந்தது, நகத்தால் கீறவே முடியவில்லை. அப்போதுதான் போன வருஷம் வந்த மண் மாதிரியின் ஞாபகம் வந்தது. அதை வடிகட்ட வைத்தபோது அரைநாள் ஆகியும் தண்ணீர் இறங்கவில்லை. வடிதாள் சரியில்லை என்று நினைத்து எரிச்சலோடு தாளை மாற்றினேன். வடிந்த தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்து, கட்டியில் ஒரு சிறு துண்டைக் கிள்ளிப் போட்டேன். நல்ல மண் அப்படியே கிடக்கும், அல்லது பொடிப்பொடியாக உடைந்து அடியில் படியும். இது இரண்டும் செய்யவில்லை. துண்டைச் சுற்றிப் பால் கலந்ததுபோல ஒரு மூட்டம் எழும்பியது. பத்து நிமிஷத்தில் குவளையின் அடி தெரியவில்லை.

அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்லமா, கூடாதா மிஸ்?" என்று கேட்டார்.

வயலை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் அந்த நேரமே எனக்கு விளங்கிவிட்டது. மண்ணில் கரைந்து கிடக்கும் உப்பைத்தான் நான் அளந்திருந்தேன். களியோடு ஒட்டிக் கிடக்கும் சோடியத்தை அளக்கவில்லை. மழை வந்தால் உப்புக் கழுவிப்போகும், சோடியம் போகாது. அது களியின் துணிக்கைகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைக்கும். பிரிந்த களி மண்ணின் துவாரங்களை அடைக்கும். பிறகு தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே படித்த பாடம்.

அந்தக் கிழமையே போனேன். ஆய்வுகூடத்து வாகனம், சாரதி, குழி வெட்ட ஒரு கூலியாள், நான். வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியிருந்தது. வயல் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தது. நான் முதலில் குழி வெட்டச் சொல்லவில்லை. மேட்டிலிருந்து, கடல்நீர் புகுந்து நிற்கும் களப்புப் பக்கம்வரை நடந்தேன். ஐம்பது அடிக்கு ஒரு தடவை துளைகருவியை முறுக்கி இறக்கி மண்ணை எடுத்துப் பார்த்தேன். மேட்டில் சிவப்பு, நடுவில் கபிலம், சரிவு முடிகிற இடத்தில் சாம்பல். வரைபடம் ஒரே நிறம் என்று சொன்ன இடத்தில் கால்மணி நேர நடைக்குள் மூன்று மண். மேட்டில் பெய்யும் மழை மண்ணுக்குள்ளால் மெதுவாக ஊறி, போகிற வழியில் கரைவதையெல்லாம் எடுத்துக்கொண்டு சரிவின் அடியில் வந்து தேங்குகிறது. பிறகு மாதக்கணக்கில் கச்சான் அடிக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, அது கொண்டுவந்தது அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தப் பெண்ணின் வயல் சரியாக அந்த அடியில் இருந்தது.

குழி வெட்டும்போது அந்தப் பெண்ணின் மச்சான் வந்தார். அறுபதைத் தாண்டிய, உயரமான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"மண்ணில ஒண்டுமில்ல மிஸ். என்ட வயல் இதுக்கு மேலதான் கிடக்கு. எனக்கு விளையுது. பாக்கிற ஆள் பாத்தா இதுவும் விளையும்."

அந்தப் பெண் வரம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாண் ஆழம்வரை மண்வெட்டி இலகுவாகப் போனது. அதற்குக் கீழே கூலியாள் கொத்தினார், மண்வெட்டி எகிறியது. கனத்த இரும்பு அலவாங்கை எடுத்தார். அதுவும் கல்லில் பட்டதுபோலச் சத்தம் போட்டது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த மச்சான், இப்படியா பிடிக்கிறது என்று அலவாங்கைத் தான் வாங்கினார். பத்துப் பதினைந்து தடவை குத்தியிருப்பார். ஒரு கைப்பிடி அளவுதான் பெயர்ந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து குழியையே பார்த்தார்.

பின்னேரத்துக்குள் இடுப்பளவு ஆழம் வந்தது. நான் உள்ளே இறங்கிச் சுவரைக் கத்தியால் சுத்தம் செய்தேன். மேலே வெளிறிய மெல்லிய படை. அதன் கீழே தலை உருண்ட தூண்கள் நெருக்கமாக நிற்பதுபோல ஒரு களிப்படை. போன போகத்து நெல் வேர்கள் அந்தத் தலைகள்வரை வந்து, இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பி, பாய்போலப் படர்ந்து கிடந்தன. அந்த வேர்களைக் கண்டபோது எனக்கு வெட்கமாகிப்போனது. பயிர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது, அந்தப் பெண்ணும் பாடுபட்டிருக்கிறார். நான் ஓர் இலக்கத்தை எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறேன்.

குழிக்குள் நின்றபடியே, அவரை அக்கா முறையில் கூப்பிட்டுச் சொன்னேன். "ராத்தா, போன வருஷம் நான் எழுதினது பிழை. மேல்மண்ணை மட்டும் பாத்திட்டு எழுதிட்டன். பிழை உங்கட கையில இல்லை. இந்த மண்ணில ஆர் செய்தாலும் இப்பிடித்தான் வரும்."

அவர் எழும்பி வந்து குழிச் சுவரை எட்டிப் பார்த்தார். பிறகு, "இத எழுதித் தருவீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். தருவேன் என்றேன்.

மச்சான் வரம்பில் குந்தியிருந்தார். கையிலிருந்த மண்ணை உடைக்கப் பார்த்தார், உடையவில்லை. நான் மாதிரிகளைப் பைகளில் போட்டுக் கட்டினேன்.

"என்ட தம்பியும் இதுக்குள்ளதானே கொத்திக்கொண்டு கிடந்தவன்" என்றார் கடைசியில். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "வாப்பா காணி பிரிச்ச நாள்ல இருந்து. நான் அவன சோம்பேறி எண்டு ஏசியிருக்கன். ஆக்களுக்கு முன்னால ஏசியிருக்கன்."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எங்களுக்கெல்லாம் தேத்தண்ணி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் போனபின் மச்சான் எழும்பி, குழிக்குப் பக்கத்தில் சிதறிய மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நின்றார்.

ஆய்வுகூடத்தில் இந்த முறை ஒவ்வொரு படையையும் தனித்தனியாகப் பார்த்தேன். களியின் அளவு, காரத்தன்மை, கல்சியம், மக்னீசியம், சோடியம். இரண்டாம் படையில் சோடியம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. மழைப் பதிவுகளை எடுத்து மாதம் மாதமாக ஆவியாதலோடு வைத்துப் பார்த்தேன். மாரியில் மூன்று மாதம் தவிர மற்றக் காலமெல்லாம் வானம் தருவதைவிட எடுப்பதே கூட. குழியின் விவரம், சரிவின் உயரங்கள், ஆய்வு முடிவுகள், காலநிலை எல்லாவற்றையும் சேர்த்தபின்தான் அந்த மண்ணுக்குச் சோடிய மண் என்று சரியான பெயர் எழுத முடிந்தது. பழைய வரைபடத்தையும் திருத்த வேண்டும் என்றபோது, ஒரு வயலுக்காகத் திருத்துவதா என்று என் மேலதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் சரிவின் அடி நீளத்துக்கு இன்னும் நாலு குழி வெட்ட வேண்டியிருந்தது. அயல் காணிக்காரர்களிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் மச்சான். ஒவ்வொரு குழிக்கும் வந்து நின்றார். நாலில் மூன்றில் அதே தூண்கள்.

இரண்டாவது அறிக்கையை நான் தபாலில் அனுப்பவில்லை, கொண்டுபோய் அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். அதில் முதல் வரியே, முந்திய அறிக்கை பிழையானது என்பதுதான். அவர் அதை என்னை வாசிக்கச் சொன்னார். மச்சானையும் கூப்பிட்டிருந்தார். ஜிப்சம் போட்டு வடிகால் வெட்டினால் சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றலாம், ஆனால் வருஷங்கள் எடுக்கும், முழு வயலுக்கும் இப்போதைக்குச் சரிவராது என்று சொன்னேன். மேல்பாதியில் உவரைத் தாங்கும் நெல் போடலாம். கீழ்ப்பாதியைப் புல்லுக்கு விடுவது நல்லது. அதிசயம் ஒன்றும் என்னிடம் இல்லை என்பதையும் சொன்னேன்.

வாப்பா காணியைப் பிரித்தபோது யாருக்கும் கீழே கிடப்பது தெரியாது என்றார் மச்சான். தெரிந்துகொண்டும் அப்படியே வைத்திருக்கத் தன் மனம் இடம் கொடுக்கவில்லை என்றார். தன் வயலில் கபில மண் முடிகிற பக்கத்தால் ஒரு துண்டைத் தம்பி மனைவிக்கு விடுவதாகவும், வரம்பைத் தானே மாற்றிக் கட்டுவதாகவும் சொன்னார். அந்தப் பெண் வேண்டாம் என்றார். இரண்டு தரம் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம், "உங்கட தம்பிட பேர்லயே இருக்கட்டும், நான் செய்றன்" என்றார்.

அடுத்த பெரும்போகத்தில் ஆய்வுகூடத்து வாகனத்தில் இலங்கைத்துறைக்கு வேறு வேலையாகப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். புதுத் துண்டில் பயிர் முழங்காலுக்கு மேல் நின்றது. பழைய வயலின் மேல்பாதியில் அவ்வளவு செழிப்பில்லை, மஞ்சள் திட்டுகள் இருந்தன, ஆனால் போன வருஷத்தைவிடக் குறைவு. ஜிப்சம் போட்ட இடத்தை அந்தப் பெண் கையால் காட்டினார். கீழே புல்லில் இரண்டு மாடுகள். வடிகாலில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பிடி மண் எடுக்கலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார். மகள் உயர்தர வகுப்புக்குப் போகப்போகிறாளாம், உயிரியலா கணிதமா என்று வீட்டில் ஒரே வாதமாம். குசினியில் பலகை போட்டு உட்காரவைத்து, நான் என்ன படித்தேன், எங்கே தங்கிப் படித்தேன், பொம்பிளைப் பிள்ளைகள் வெளியூரில் இருந்து படிப்பது கஷ்டமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். புறப்பட நேரமாகிறது என்று சாரதி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.