வெள்ளிக்கிழமை விழும் கோடு

கணினித் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று என் சமன்பாடு சொன்ன எரிவாயு. மற்றது ஜொகூர் மாநிலத்துப் பெர்மாஸ் ஜெயா கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த தொட்டி உண்மையில் தந்தது. பூமாலை, வாழையிலை, காய்கறித் தோல் எல்லாம் காற்றுப் புகாத அந்தத் தொட்டியில் நொதித்து, நுண்ணுயிரிகளின் தயவில் அடுப்பெரிக்கும் வாயுவாக மாறும். எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மற்ற நாள்களில் இரண்டு கோடுகளும் ஒட்டி உறவாடும். வெள்ளி மாலை தொட்டியின் கோடு படுத்துவிடும், திங்கள்வரை எழாது.

மாத இறுதிக்குள் இது சரிவராவிட்டால் தொட்டியைக் கைவிட்டு ஆய்வகத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பிசையும்போதே ஏதாவது தோன்றும்; பாதியில் கைகழுவிவிட்டு ஓடுவேன்.

"உக்காந்து சாப்பிடுங்களேன், கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிறாது" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கடைசியில் வெள்ளிக்கிழமைக்கென்றே ஓர் எண்ணைச் செருகினேன். கோடுகள் பொருந்தின. நுண்ணுயிரிக்கு ஏது வெள்ளிக்கிழமை? அது கணக்கல்ல, ஏமாற்று வேலை. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அழித்துவிட்டேன்.

அப்போது ஜொகூரில் வெள்ளிதான் வார விடுமுறை. ஆளில்லாத ஆய்வகத்தில் போய் உட்காரும் நாள் அது. அன்று மனம் கேட்காமல் மோட்டாரைக் கோயிலுக்கு விட்டேன். நல்ல கூட்டம். தொட்டிக்குத் தீனி போடும் ஆன்ட்டி ஒரு வாளி நிறைய எலுமிச்சை மூடிகளை உள்ளே கவிழ்க்கப் போனார். ராகு காலத்தில் துர்க்கைக்கு ஏற்றிய விளக்குகள். எலுமிச்சைத் தோலின் எண்ணெய், வாயு தரும் நுண்ணுயிரிகளை மயக்கிப் போட்டுவிடும். நோட்டில் அவர் 'கழிவு' என்று எடையோடு ஒழுங்காகத்தான் எழுதி வந்திருந்தார்; அதில் எலுமிச்சை எவ்வளவு என்பது என் கணக்குக்கு வந்ததே இல்லை.

"ஆன்ட்டி, இத ஏன் இதுல போடுறீங்க?"

"சாமிக்கு ஏத்துனத குப்ப தோங்ல வீசச் சொல்றீங்களா தம்பி? இதுல போட்டா சாமி அடுப்புக்கே போவுதுலா."

வாளியை வாங்கி மூடிகளைத் தனியாக எடைபோட்டேன்.

"உங்க வீட்டம்மா ஏத்துனதும் இதுல இருக்கு. உங்க படிப்பு முடியணும்னு ஒம்பது வாரம் வேண்டுதலாம். இன்னிக்கு ஏழாவது" என்றார்.

அந்த எடையைச் சமன்பாட்டில் சேர்த்தேன். திங்களுக்குள் தொட்டியின் கோடு, நான் கணித்தபடியே விழுந்து எழுந்தது.

அன்று சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள். "ரெண்டு லைனும் சேந்துருச்சா?"

"சேந்துருச்சு."

அவள் ரசத்தை ஊற்றினாள். தொட்டிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்றைக்கு எதைத் தின்கின்றன என்று இரண்டு வருடம் தேடியவன் நான். ஏழு வெள்ளிக்கிழமை அவள் எங்கே போய் வந்தாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.