காலருக்கு ஒரு விளக்கு

என் அத்தை பேசும்போது வாயில் குண்டூசி இருக்கும். நாலைந்து ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே மின்சாரக் கட்டணம், முட்டிவலி, மாமாவின் குறட்டை எல்லாவற்றையும் பேசிவிடுவாள். வெளியாட்களுக்கு அது வெறும் முனகல். வீட்டில் எங்களுக்கு ஒரு சொல்கூடத் தவறாது. ஊசியில்லாமல் பேச ஆரம்பித்தால்தான் எங்களுக்குப் பயம்.

சட்டை மட்டும்தான் தைப்பாள். கல்யாணத்துக்கு முன் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் காலர் பிரிவில் இருந்தவள். முழுச் சட்டையைக் கண்ணால் பார்க்காமலே வருடக்கணக்கில் காலர் தைத்தேன் என்பாள். வெளியே வந்தபின் மற்ற பாகங்களைத் தானே கற்றுக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குச் சட்டை என்பது காலரும், காலருக்குக் கீழே தொங்குகிற துணியும்தான். தெருவில் போகிற யாரையும் முகத்தை வைத்து அடையாளம் சொல்லமாட்டாள். "அந்தச் சொங்கிக் காலர் இருக்காரே, அவரு" என்பாள். எங்களுக்கும் புரிந்துவிடும்.

காலரின் விளிம்பை ஒட்டி, வெளியே தெரியும்படி ஒரு தையல் ஓடும். எல்லோர் கண்ணிலும் படுகிற தையல் அது. அத்தை தைத்தால் விளிம்புக்கும் தையலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூலிழை மாறாது. அளவுகோல் வைக்கமாட்டாள், கோடு கிழிக்கமாட்டாள். எப்படி அத்தை என்று கேட்டால், "கை போகுது" என்பாள்.

மிஷின் முன்னறையில், ஜன்னல் இடப்பக்கம் வரும்படி இருந்தது. தொழிற்சாலையிலும் அவளுக்கு ஜன்னல் வரிசைதான். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியபோது, ஜன்னலுக்கு வெளியே வானம் இருந்த இடத்தில் செங்கல் சுவர் வந்து நின்றது. பகலிலேயே விளக்குப் போடவேண்டியதாயிற்று.

அதன்பிறகு கை போகவில்லை.

தையல் விளிம்பை நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது. பிரித்தாள், தைத்தாள், பிரித்தாள். எதிர்வரிசை சலூன்காரர் பல வருடங்களாக அத்தையிடம் மட்டும் தைத்துக்கொள்கிறவர். புதுச் சட்டையைக் கொண்டுபோன மறுநாளே அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, குத்தம் சொல்ல வரல. நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிற பொழப்பு. என் கண்ணு அங்கேயே போகுது."

அத்தை வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். காலரை விரலால் தடவினாள்.

"வச்சுட்டுப் போங்க தம்பி. பிரிச்சுத் தச்சுத் தரேன்."

கண் மருத்துவரிடம் போனாள். பழைய கண்ணாடியே போதும், கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அதுதான் அவளை உடைத்துவிட்டது. கண் கெட்டால் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம், கை கெட்டால் என்ன செய்வது?

மாமா பம்ப் மெக்கானிக். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தக் கோளாறும் பவர் பற்றாமல் வருவதுதான்.

"வெளிச்சம் பத்தல, அவ்வளவுதான் விஷயம்" என்றார்.

முதலில் தலைக்கு நேர்மேலே நீளமான டியூப் லைட் போட்டார். அது சரிப்படவில்லை. பிறகு மிஷினின் வலப்பக்கத் தூணில் கவ்விக்கொள்ளும் சின்ன விளக்கு வந்தது. அதுவும் சரிப்படவில்லை. மூன்றாவதாக, ஊசியைச் சுற்றி வளையம்போல வெளிச்சம் கொட்டுகிற ஒன்றை வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்கும்போதே பெருமை தாங்காமல் சொன்னார்.

"இதுல நிழலே விழாது. ஆபரேஷன் பண்றாங்களே, அங்க இப்படித்தான் வச்சிருப்பாங்க."

"நான் என்ன குடலையா அறுக்கப்போறேன்?"

"போட்டுப் பாரேன்."

போட்டுப் பார்த்தாள். நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. காலர் முன்னைவிடக் கோணலாக வந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "மிஷினக் குடுத்துடலாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"கை இருக்கிறவங்களுக்கு."

மாமா வாய்க்கு வாய் பேசுகிறவர். அன்று, கழுவிய தட்டை வாங்கி மறுபடி ஒருமுறை கழுவினார்.

தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்ததில், ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்க வருவதாக ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியது. மிஷினை அழுக்கோடு காட்டுவது அத்தைக்கு மானக்கேடு. சனிக்கிழமை காலை நானும் மாமாவும் அதை வாசலுக்குத் தூக்கி வந்தோம். அத்தை இடுக்கிலெல்லாம் அடைந்திருந்த பஞ்சை எடுத்தாள். எண்ணெய் விட்டாள். எண்ணெய் போட்டால் முதலில் ஒரு வேண்டாத துணியில் ஓட்டிப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நல்ல துணியில் கறை படியும். பழைய தலையணை உறை ஒன்றை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி மிதித்தாள்.

தையல் நேராகப் போனது.

அத்தை நிறுத்தவில்லை. மடிப்பு முடிந்ததும் துணியைத் திருப்பி அடுத்த ஓரத்தை உள்ளே விட்டாள். அதுவும் நேர். அப்போது மாமா டீயோடு வந்து அவளுக்கு இடப்பக்கம், படியில் நின்றார். தையல் உள்பக்கம் சாய்ந்தது.

"தள்ளுங்க."

"எங்க தள்றது? டீ கொட்டும்."

"தள்ளுங்கன்னா."

தள்ளினார். தையல் நேரானது.

"இப்ப பழையபடி வந்து நில்லுங்க."

"தள்ளுங்கற, நில்லுங்கற. நான் என்ன கதவா?"

நின்றார். தையல் சாய்ந்தது. அத்தை மூக்கு மிஷினில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து துணியைப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "நான் ஊசியப் பாக்கவே இல்லைங்க. இத்தன வருஷமா நிழலப் பாத்துத் தச்சிருக்கேன்."

எங்களைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். ஊசியின் இரு பக்கமும் துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பாதம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால், பாதத்தின் நிழல் வலப்பக்கம், சரியாகக் காலரின் விளிம்பில் விழும். நிழலின் ஓரமும் விளிம்பும் சேர்ந்தே போகும்படி அவள் கண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, அவளிடம்கூடச் சொல்லாமல். மாமா வாங்கிய ஒவ்வொரு விளக்கும் அந்த நிழலை விரட்டி அடித்திருக்கிறது.

மாமா டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நாளைக்கு வரவங்களுக்கு என்ன சொல்றது?"

"மிஷின் ரிப்பேர்னு சொல்லுங்க."

"நான் மெக்கானிக்குடி."

"அப்ப மெக்கானிக் சரியில்லன்னு சொல்லுங்க."

வாசலிலேயே தைக்கலாம்தான். ஆனால் மிஷின் அங்கே நின்றால் வீட்டுக்குள் போக எல்லோரும் அதன்மேல் ஏறித்தான் குதிக்கவேண்டும். அத்தை பாதத்தைத் திருகிக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பிரித்து வைத்திருந்த சலூன்காரரின் காலரையும் எடுத்துக்கொண்டாள். மூவரும் விளக்குக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மாமாவைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்க சார். அதைவிடப் பவரா ஒண்ணு வந்திருக்கு."

"அவங்ககிட்டப் பேசுங்க" என்றார் மாமா.

அத்தை காலரைக் கடை மேஜையில் விரித்து, அதன்மேல் பாதத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணா போடுங்க. இந்தப் பக்கமா பிடிங்க."

அவர் போட்டார். அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

"விளக்கப் பாருங்கக்கா, மேல இருக்கு."

"அத நீங்க பாருங்க. நான் கீழ பாத்துக்கறேன்."

சில விளக்குகளில் நிழல் புகைமாதிரி கரைந்தது. குட்டிக்குட்டி விளக்குகளை வரிசையாகப் பதித்திருந்தவற்றில் நிழல் சீப்புப் பல்போலப் பல கோடுகளாக விழுந்தது. ஒன்றில் நிழல் நன்றாக இருந்தது, ஆனால் விளக்கு தொடமுடியாமல் சுட்டது. கடைக்காரருக்கு வியர்த்தது. கடைசியில் அத்தையே உள்ளே கைகாட்டினாள். மேல்தட்டில், வளைகிற கழுத்தோடு ஒரு விளக்கு தூசி பிடித்துக் கிடந்தது.

"அது வேணாங்கக்கா. ஒத்த பல்பு, வெளிச்சமே பத்தாது. படிக்கிற பசங்களே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"போடுங்க."

ஒரே நிழல். ஓரம் பிளேடால் வெட்டியதுபோல. அத்தை காலரை மெல்ல நகர்த்தினாள். நிழல் விளிம்போடு ஒட்டி நடந்தது.

"இதக் குடுங்க."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க" என்றார் மாமா. "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பம்பு."

வீட்டில் மிஷினை உள்ளே போட்டு, இடப்பக்கம் ஒரு முக்காலியில் விளக்கை வைத்தோம். மாமா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏத்துங்க, இறக்குங்க, போதும், போதும்னா போதும். அத்தை காலரை உள்ளே விட்டாள். மிதித்தாள். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனையில்தான் நின்றாள். கையில் எடுத்துப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"கோணலா இருக்கா பாரு."

இல்லை. ஆனால் பழைய காலர் ஒன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது, இடைவெளி ஒரு நூல் கூடுதலாக இருந்தது. மாமாவும் பார்த்துவிட்டார்.

"விளக்கக் கொஞ்சம் நிமித்தினா பழைய அளவே வந்துடும்."

அத்தை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழையதைத் தனியே எடுத்து வைத்தாள்.

"கழுத்த விடுங்க. இதுவே நல்லா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கணவனும் மனைவியும் மிஷினைப் பார்க்க வந்தார்கள். அது ஓடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. ரிப்பேர் என்று சொல்ல வழியில்லை. மாமா வாசலை அடைத்தாற்போல நின்றுகொண்டு, கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க. குடுக்கிறதா இல்ல."

"நல்லா ஓடுதே" என்றார் வந்தவர்.

"அதனாலதாங்க" என்றார் மாமா.