அரைமணி நேர எண்ணெய்

2025 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர் அபார்ட்மெண்டில் வசித்த யூதப் பெரியவர், கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுவர்த்தியோடு கதவைத் தட்டினார். அவருடைய தாத்தாவின் நினைவுநாளுக்கானது அது. ஆண்டுதோறும் அந்த நாளைக் கணித்துச் சொல்லிவந்த அவருடைய அக்கா சென்ற குளிர்காலத்தில் இறந்துவிட்டார். இம்முறை அவரே இணையத்தில் கணிக்க முயன்றபோது, அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: இறந்தது சூரியன் மறையும் முன்பா, பின்பா?

அவர்களுக்கு நாள் மாலையில் பிறக்கிறது. முன்பு என்றால் இன்று மாலை ஏற்ற வேண்டும். பின்பு என்றால் நாளை மாலை. நாளை நண்பகலில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, அருகிலிருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே தீ மூட்ட அனுமதி இல்லை.

அவரிடமிருந்த பழைய கடிதங்களைக் கோடை முழுவதும் தட்டச்சு செய்தவள் நான். அதனால் என்னிடம் வந்தார்.

அந்தத் தாத்தா பதினாறு வயதில் பாக்தாதிலிருந்து, ஆங்கிலேயர் ஆண்ட ஒரு கீழைத் துறைமுகத்துக்குக் கப்பலேறியவர். விளக்குச் சிம்னி விற்று, எண்ணெய்க் கிடங்குகள் வாங்கி, இறுதியில் அந்நகரின் மேயரானார். தெருவிளக்குகள் அவர் போட்டவை. வெள்ளையர் தெருக்களுக்கு முதலில், தமிழர் வசித்த கூலி லைன்களுக்குக் கடைசியில். கடிதங்கள் அதை மறைக்கவில்லை. பெரியவரும் மறைக்கச் சொல்லவில்லை. வியாபாரியான மேயர் ஒரு விதியும் வைத்திருந்தார்: எண்ணெய் வீணாகாதிருக்க, சூரியன் மறைந்து அரைமணி கழித்தே விளக்கேற்ற வேண்டும்.

மேயருடைய எழுத்தர் எழுதிய கடைசிக் கடிதத்தை மீண்டும் திறந்தேன். அன்று கூலி லைனில் முதன்முதலாக விளக்கேற்றியதை எழுத்தர் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம், மேயர் தலையசைத்தாராம், அதன் பிறகே மூச்சு நின்றது.

விளக்கேற்றியதே சூரியன் மறைந்து அரைமணி கழித்து. அப்படியானால் நாளை.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “இன்னிக்குதான்னு சொல்லிடுடி. அவர் வீட்லயே ஏத்திட்டுப் போகட்டும். நம்ம தாத்தா திதியை வீக்எண்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணலையா?”

“பண்ணோம். அன்னிக்கு நீ சாப்பிடவே இல்லையேம்மா.”

அம்மா என் கையை விட்டாள்.

நான் பெரியவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் குவளையைக் கையில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், “அரைமணி நேர எண்ணெயை மிச்சம் பிடித்தார், பாவி. அதற்கு விலையாக, என் வீட்டில் ஏற்ற விடமாட்டேன் என்கிறார்” என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

யாரையும் எதற்கும் அழைத்துப் பழக்கமில்லாத நான், “இங்கே ஏற்றலாம்” என்றேன். “அப்பா உங்களைக் காரில் அழைத்து வருவார்.”

“அது இரவும் பகலும் எரியும். அணைக்கக் கூடாது.”

“அணைக்க மாட்டோம்.”

அவர் குவளையை மேசைமேல் வைத்தார். தீப்பெட்டியைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, சாமான் ஏற்றும் வண்டி வருமுன், அடுப்படி மேடையில் ரைஸ் குக்கரை நகர்த்தி, இடத்தைத் துடைத்து, குவளையை அங்கே வைத்தேன். சூரியன் மறையும் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.