மாமன் சீரில் வந்த லேப்டாப்

எங்கள் சொந்தபந்தத்தில் நான் மெதுவானவள் என்று பெயரெடுத்தவள். இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஏதாவது கல்யாணத்துக்குப் போனால், பெரியம்மா ஒருத்தி எதையும் என்னிடம் இரண்டு தடவை சொல்வாள், புரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பெயர் எனக்குப் பதின்மூன்று வயதில், என் சீரோடு சேர்ந்து வந்தது.

நான் பெரியவளானபோது செய்த சீருக்கு, அம்மாவின் அண்ணனான மாமா ஆர்.எஸ்.புரத்திலிருந்து தட்டு வரிசையோடு வந்தார். பட்டுப்பாவாடை, வளையல், பழம், இனிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தட்டில் லேப்டாப். மூடியில் குங்குமப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். தன் மகளுக்கும் எனக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு வாங்கியதாக மாமா மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அம்மாவின் பிறந்த வீட்டில் குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அம்மா அன்று நிமிர்ந்து நடந்ததுபோல் நான் வேறு என்றைக்கும் பார்த்ததில்லை.

அந்த வருடமே மாமன் மகளும் நானும் ஓர் உறைவிடப் பள்ளியில் இலவச இடத்துக்குத் தேர்வு எழுதினோம். வீட்டிலிருந்தே, கேமரா ஓட, லேப்டாப்பில் எழுத வேண்டிய தேர்வு. காகிதத்தில் போட்டுப் பழகியபோதெல்லாம் நான்தான் முதலில் முடிப்பேன். அவள் என்னைப் பார்த்து எழுதுவாள். தேர்வன்று என் திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விடையை யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை, கேள்வி வந்து சேரத்தான் ஆனது. பாதியைத் தாண்டியபோது நேரம் முடிந்து தேர்வு தானாக மூடிக்கொண்டது. அவளுக்கு இடம் கிடைத்தது.

“மாமன் சீர் பெருசாத்தான் வந்துது. அதை வெச்சு எழுதறதுக்கு மூளையும் வேணுமல்லோ,” என்றாள் அத்தை.

லேப்டாப்தான் மெதுவு என்று நான் அழுதேன். சீராக வந்த பொருளைக் குறை சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயை அடைத்தாள். அப்பாதான் கொஞ்சம் இறங்கி வந்தார். அடுத்த வருடமும் அந்தத் தேர்வு எழுதலாம். லேப்டாப்பில்தான் குறை என்றால் வேறு வாங்கித் தருகிறேன், எதற்கும் யாரிடமாவது காட்டிவிட்டு வாருங்கள் என்றார். நான் அதற்குள் மனதில் பெட்டி கட்டிவிட்டேன்.

மாமன் மகள் தன் லேப்டாப்பில் காபியைக் கொட்டியிருந்தாள். அதையும் வாங்கிக்கொண்டு அம்மா என்னை உக்கடத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு பாயின் கடைக்குக் கூட்டிப்போனாள். அவர் இரண்டையும் திறந்து மேசையில் அருகருகே வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க்கா, ரெண்டுக்குள்ளயும் இருக்கற பொருள் ஒண்ணுதானுங்க,” என்றார்.

“அப்புறம் ஏனுங்க இது மட்டும் இப்பிடி?” என்றாள் அம்மா.

“இது வெலை கம்மி மாடலுங்க. இதுக்கும் அதே வேகம் வருமுங்க. கம்பெனிக்காரனே வரவுடாமக் கட்டிப்போட்டு அனுப்பறான். ரெண்டும் ஒரே ஓட்டம் ஓடுனா வெலை ஜாஸ்தியானதை யாருங்க வாங்குவா?”

அவிழ்த்துவிட முடியாதா என்று நான் கேட்டேன். பூட்டு அவர்கள் கையில் இருக்கிறது பாப்பா என்றார். அம்மா இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வாங்கறவங்களுக்கு இது தெரியுமுங்களா?”

“கட்டிப்போட்டது தெரியாதுங்க. இது மெதுவாத்தான் ஓடும்னு கடையில சொல்லித்தானுங்க குடுப்பாங்க.”

பஸ்ஸில் அம்மா இரண்டு லேப்டாப்பையும் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. என் மேல் தப்பில்லை என்று ஒரு பெரிய மனுஷர் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பாவோடு அத்தையும் உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். அம்மா ஒரு கணம் அத்தையைப் பார்த்தாள்.

“லேப்டாப்புல ஒரு கொறையும் இல்லீங்களாமா. இவதான் மெதுவுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. வலித்தது. சரி, இங்கேயே படிக்கட்டும் என்று அப்பா எழுந்துபோனார். அவ்வளவுதான், முடிந்தது. அத்தை சிரித்துக்கொண்டே காபியை ஆற்றினாள்.

மறுநாள் காலையில் அம்மா யாரும் கேட்காமலே சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி என் தட்டை நிறைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கூலி என்று நினைத்து நான் அதைத் தொடவில்லை. அந்த வீட்டில் அவள் ஊன்றி நிற்பதற்கு அண்ணன் வைத்த சீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதும், அந்த அண்ணன் தெரிந்தே மட்டமானதைக் கொடுத்தான் என்று முந்தின நாள்தான் அவளும் அறிந்தாள் என்பதும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது. புரிந்த பிறகும், அந்தத் தட்டை இப்போது வைத்தாலும் நான் தொடமாட்டேன்.