மறைவுக் கட்டத்தில் நான் போட்ட தேதி

சிம்பாங் அம்பாட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை செய்யும் நான், இணையத்தள வடிவமைப்பைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டு, எனக்குப் பிடித்த எழுத்தாளருக்கு ஒரு தளம் அமைத்தேன். சுங்கை ரம்பாயில் வசிக்கும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. டீச்சர் என்றே அழைப்பேன்.

மாதிரிப் பக்கத்தில் பிறப்பு, மறைவு என இரண்டு கட்டங்கள் இருந்தன. எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, மறைவில் அன்றைய தேதியைப் போட்டேன். அதை அழிக்க மறந்து, இணைப்பைக் கைப்பேசி வழியே வாசகர் புலனக் குழுவுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மதியம் கைப்பேசியைத் திறந்தால் குழு முழுக்க இரங்கல் செய்திகள். உடனே தேதியை நீக்கிவிட்டு டீச்சரை அழைத்தேன்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்லா. உம்பாய்ல இருந்து எங்க அக்கா அழுதுகிட்டே வந்துட்டாங்க. அவங்களுக்குப் பிரஷர் ஏறி இப்போ கிளினிக்ல இருக்கோம். யாரும்மா இப்படிப் போட்டது?”

“தெரியல டீச்சர்,” என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் வேலை ஓடவில்லை. சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அக்கா சோபாவில் களைத்துப் படுத்திருந்தார். அவர் முன்னாலேயே, “நான்தான் போட்டேன் டீச்சர்,” என்றேன்.

“தெரியும்மா. பக்கத்துக்குக் கீழேயே, தளத்த அமைச்சதுன்னு உன் பேரு இருந்துச்சே. நீயா சொல்றியான்னுதான் கேட்டேன்.”

குழுவிலும் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் வடிவம் பார்க்க என் விவரங்களையே போடுகிறேன். டீச்சர் படித்துச் சரி சொன்ன பிறகே எதையும் வெளியிடுகிறேன். ஆனாலும் அன்று ‘தெரியல’ என்று சொன்னதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.