அழாத பிள்ளை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் கடை வைத்திருந்தது பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம். "உடம்பு பெருத்துப்போனா என் கத்திரி என்னம்மா பண்ணும்?" என்று துணி தைக்க வந்தவர்களிடமே கேட்டுவிடுவாள். ஆனால் யாராவது கைக்குழந்தையோடு கடைக்குள் வந்தால் அந்த வாய் அடைத்துப்போகும். குழந்தை தூங்கினால் அதன் மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நிம்மதியாகத் தூங்கிய குழந்தையின் பாதத்தைச் சுண்டி எழுப்பிவிட்டு, தாயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கும் ஒரு பெண் பிறந்திருந்தாள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "என்ன சமத்து! இருக்கிற இடமே தெரியலையே" என்றார்கள். இவளும் பூரித்துப்போனாள். பால் குடிக்காமல் தூங்கியதை அசதி என்று நினைத்தாள். அசதி இல்லை என்று புரிந்தபோது குழந்தை இல்லை. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை; கேட்க இவளுக்கும் நாக்கு எழவில்லை. அதன்பின் பிள்ளையே பிறக்கவில்லை. கணவரும் அவளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் துணி வெட்டும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ, "என்ன சமத்து" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். திரும்பிப் பார்ப்பாள்.

பல வருடம் கழித்து, கணவரின் தங்கை பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஊசியக்கா குழந்தையைத் தொடவே பயந்து கடையே கதி என்று கிடந்தாள். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவளிடம் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, காலையிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. எவ்ளோ சமத்து பாருங்க!"

கை கழுவப் போனவள் அப்படியே நின்றாள்.

"பால் குடிச்சானா?"

"வாயில வச்சா சப்பவே மாட்டேங்கிறான். துரைக்குத் தூக்கம்தான் முக்கியம்."

ஊசியக்கா குழந்தையின் காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. பாதத்தைச் சுண்டினாள். முகம் லேசாகச் சுளித்தது; அழுகை வரவில்லை.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"காய்ச்சல்கூட இல்லையே அண்ணி..."

"கிளம்புன்னு சொல்றேன்ல!"

உடம்புச் சூடு படட்டும் என்று குழந்தையைத் தன் வெறும் நெஞ்சோடு ஒட்டவைத்துப் போர்த்திக்கொண்டு வண்டி ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பனிக்குடம் எப்ப உடைஞ்சுது?"

"பிறக்கிறதுக்கு முந்தின நாளே," என்றாள் நாத்தனார். "வலி வரல, அதனால வீட்லயே இருந்துட்டேன்."

"அப்படி நேரமானா கிருமி உள்ள போக வழி கிடைச்சுடும். கழுவாத கையாலயும் தொப்புள் வழியாவும்கூட வரும். இவனுக்கு ரத்தத்துலயே பரவியிருக்கும்னு நினைக்கிறேன். பச்சப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரணும்னு இல்லம்மா, உடம்பு குளிர்ந்தும் போகும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பறோம். முடிவு வர்றவரைக்கும் காத்திருக்க முடியாது, மருந்தை இப்பவே நரம்புல ஏத்தறோம்."

குழந்தையைக் கதகதப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஊசியக்கா டாக்டரம்மாவின் பின்னாலேயே போனாள்.

"என் பொண்ணும் இப்படித்தான் சத்தமே இல்லாம போனா. அவளுக்கும் இதுதானா?"

டாக்டரம்மா திரும்பினார். "பார்க்காம எப்படிம்மா சொல்றது? இருந்திருக்கலாம்."

அந்த 'இருந்திருக்கலாம்' அவளைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டது.

சோதனை முடிவு வந்ததும் எந்தக் கிருமி என்று தெரிந்தது. அதற்கேற்ற மருந்தைத் தொடர்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைக்குச் சூடு திரும்பியது. ஒரு காலையில் நர்ஸ் ஊசி மாற்றும்போது வார்டே அதிர வீறிட்டான். நாத்தனார் சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

ஊசியக்கா வெளியே வந்தாள். பெஞ்சில் கணவர் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பொழைச்சுக்கிட்டான்," என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்ம பொண்ணுக்கு நான் ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லவே இல்ல."

"என்ன பேரு?"

சொன்னார். அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். யார் முன்னாலும் அழாதவள், அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள்.